இல்லமும் இளஞ்சிறுவரும்

மூன்று வயதும் ஆறு வயதும் நிரம்பிய இரண்டு சிறுவர் வாழும் வீட்டை அறிந்துகொள்ள உள்ளே சென்று பார்க்க வேண்டுவதில்லை. வாயிற்படியருகே ஒற்றைச் செருப்பொன்று கவிழ்ந்து கிடக்கும். அதன் இணை எங்கே என்பதை வீட்டார் எவரும் அறியார். சிறுவர் கைக்கு எட்டும் உயரம் வரையில் சுவரெங்கும் கரிக்கோடும் வண்ணக்கோடும் ஓடியிருக்கும்; அதற்கு மேல் சுவர் தூய்மையாக இருக்கும். கட்டிலின் அடியில் பம்பரமும், அரிசிப் பானையின் பின்னே கோலியும் கிடக்கும். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் மூத்தவன் சட்டையின் உட்புறத்தை வெளிப்புறமாக அணிந்து நிற்பான்; இளையவன் அணிவித்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவான். இவை பெற்றோருக்கு நாள்தோறும் நேரும் சிறு தொல்லைகள். ஆயினும், வளர்ந்தபின் ஒருவன் தன் வேலையைத் தன் கையால் செய்துகொள்வானா, அல்லது பிறர் கையை எதிர்நோக்கி இருப்பானா என்பதற்குரிய தொடக்கம் இத்தொல்லைகளின் நடுவேதான் அமைகின்றது.

குழந்தைகளின் குறும்பைத் தமிழர் நெடுங்காலமாகவே கூர்ந்து நோக்கி மகிழ்ந்திருக்கின்றனர். பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் மன்னன் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 188ஆம் பாட்டாக உள்ளது. பலரோடு அமர்ந்து உண்ணும் செல்வர் வீட்டில், தளர்நடையிட்டு வரும் குழந்தை கையை நீட்டிக் கலத்தில் இடுவதையும், நெய்ச்சோற்றைத் துழாவித் தன் மேனியெல்லாம் பூசிக்கொள்வதையும் அம்மன்னன் ஒவ்வொரு செயலாக எண்ணிக் காட்டுகின்றான். இத்தகைய மக்களைப் பெறாதவருக்கு வாழ்நாளில் பயனில்லை என்பது அவன் முடிபு. சிந்திய சோற்றைக் கண்டு நாடாண்ட மன்னன் ஒருவன் சினவாமல் மகிழ்ந்தான் என்பது இன்றைய தாய்மாருக்கு வியப்பாக இருக்கலாம். சிந்தியதைத் துடைத்தவர் வேறொருவராக இருந்திருப்பார் என்று அவர்கள் கூறினால், அதனையும் மறுப்பதற்கில்லை.

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடிய காட்சியைப் பட்டினப்பாலையில் காணலாம். தச்சன் செய்து தந்த சிறுதேரின்மேல் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இன்புறும் சிறுவரைக் குறுந்தொகைப் பாட்டொன்று உவமையாக எடுத்துக்கொள்கின்றது. பிற்காலத்தில் எழுந்த பிள்ளைத்தமிழ் நூல்களோ குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தன. அவற்றுள் இறுதி மூன்று பருவங்கள் ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் வேறுபடும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிற்றிற் பருவத்தில் சிறுமியர் மணலால் சிறு வீடு கட்டுவர். அதனைச் சிறுவன் காலால் சிதைக்க வருவான். சிதைக்க வேண்டா என்று அவர்கள் அவனை வேண்டுவர். பாட்டுடைத் தலைவன் தெய்வமாகவோ அரசனாகவோ இருக்கும்போது இது கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆனால், தங்கை அரைமணி நேரம் அடுக்கி வைத்த சொப்புகளை அண்ணன் ஓர் உதையில் சிதறடிக்கும்போது, அந்த இனிமை வீட்டிலே தோன்றுவதில்லை. "ஆண்பிள்ளை அப்படித்தான் இருப்பான்" என்று பெரியோர் அதனைச் சிரித்துத் தள்ளிவிடுவதும் உண்டு. இச்சிறு சொல்லிலிருந்தே பல தவறுகள் பிறக்கின்றன.

சிறுவன் ஓயாமல் ஓடுவதும் ஏறுவதும் குதிப்பதும் குற்றமல்ல. அவன் உடல் அதனை வேண்டுகின்றது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமேனும் உடலை அசைத்து ஆடி ஓட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆறு வயதிற்குள் மூளையின் பருமன் வளர்ந்தோர் மூளையின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகின்றது. ஆனால், நினைத்ததை உடனே செய்யாமல் தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றலுக்குத் துணைசெய்யும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெறுவதற்கு இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, "ஓடாதே" என்று சொன்ன மறுநொடியே நான்கு வயதுச் சிறுவன் ஓடினால், அவன் தாயை மதிக்கவில்லை என்று கொள்ளலாகாது. கேட்ட சொல் அவன் கால்களைச் சென்று அடையவில்லை என்றே கொள்ள வேண்டும்.

உண்ணும் வேளையைப் பார்ப்போம். பல வீடுகளில் ஐந்து வயதான பின்னும் ஆண்பிள்ளைக்குத் தாயோ பாட்டியோ ஊட்டிவிடுவது வழக்கமாக இருக்கின்றது. அன்பு ஒரு காரணம். விரைவு மற்றொரு காரணம். தானே உண்டால் அவன் பாதியைச் சிந்துவான். பள்ளி வண்டியோ காத்திராது. எனினும், சோற்றைப் பிசைவதற்கும், உருட்டுவதற்கும், வாய்க்குக் கொண்டு செல்வதற்கும் விரல்கள் ஒன்றோடொன்று இசைந்து இயங்க வேண்டும். பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்க இருக்கும் விரல்களும் அவையே. சிந்துவதற்கு இடங்கொடுத்துத் தரையில் ஒரு பாயை விரித்துவிட்டால் இச்சிக்கல் பாதி தீரும். இன்று நிறைய உண்ட குழந்தை நாளை சிறிதே உண்பதும் இயல்பு. ஒவ்வொரு வேளையும் ஒரே அளவை வற்புறுத்தித் திணிப்பதனால் உணவின்மீது வெறுப்பு வளருமேயன்றி உடல் வளராது. ஒன்றை மட்டும் இங்கே மறத்தலாகாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலை போன்ற கெட்டிப் பொருள்களைத் தின்னக் கொடுத்தால் அவை மூச்சுக்குழலில் சிக்கிவிடக்கூடும். ஓடிக்கொண்டே தின்பது மேலும் கேடு தரும்.

எல்லாவற்றையும் அவன் கைக்கே விட்டுவிடவும் இயலாது. பல் துலக்குவதை எடுத்துக்கொள்ளலாம். பால்பற்கள் இருபது, அவை ஆறு வயதளவில் விழத் தொடங்குகின்றன. ஏறக்குறைய அதே காலத்தில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லின் பின்னே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கின்றது. அதுவும் பால்பல்லே, விழுந்து மீண்டும் முளைக்கும் என்று கருதிப் பெற்றோர் பலர் அதன் சொத்தையைப் பொருட்படுத்துவதில்லை. அது விழுந்தால் மறுபடி முளைக்காத நிலையான பல்லாகும். ஆகையால், சிறுவன் தானே பல் துலக்கிய பின்னர்ப் பெரியவர் ஒருவர் மீண்டும் ஒருமுறை துலக்கிவிடுவது ஏழெட்டு வயது வரையில் நன்று.

வீட்டு வேலையில் சிறுவனுக்கு உள்ள ஆர்வம் உண்மையில் வியப்புக்குரியது. மூன்று வயதுச் சிறுவன் துடைப்பத்தைக் கண்டால் அதனைப் பிடுங்கிப் பெருக்க முயல்வான். தாய் மாவு பிசைந்தால் தனக்கும் ஓர் உருண்டை வேண்டுமென்பான். தந்தை வண்டியைத் துடைத்தால் ஈரத்துணியோடு ஓடிவருவான். அவன் இதனை வேலையென்று எண்ணுவதில்லை. பெரியவர் செய்யும் மேலான விளையாட்டென்றே எண்ணுகின்றான். ஆனால், அவன் பெருக்கினால் குப்பை நான்கு பக்கமும் பரவும். அவன் துடைத்தால் ஈரம் வீடெங்கும் ஆகும். ஆதலின், "போ, போய் விளையாடு" என்று அவனை விரட்டுகின்றனர். ஒருநாள் இருநாள் அல்ல, ஆண்டுக்கணக்காக விரட்டுகின்றனர். பன்னிரண்டு வயதானதும், "உண்ட தட்டைக்கூட எடுக்கத் தெரியாதா?" என்று அவனைக் கடிந்துகொள்கின்றனர். செய்ய விரும்பிய காலத்தில் அவனுக்குச் செய்யத் தெரியவில்லை. செய்யத் தெரிய வேண்டிய காலத்தில் அவனுக்கு விருப்பமில்லை. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை வீட்டார் நினைத்துப் பார்ப்பதில்லை.

இத்தாலி நாட்டு மருத்துவராகிய மரியா மாண்டிசோரி அம்மையார் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். அவர் 1907ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியொன்றில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே சிறு குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதற்கு முன்பாகவே கைகழுவுதல், பொத்தான் போடுதல், தரையைப் பெருக்குதல், ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்தில் நீரைச் சிந்தாமல் ஊற்றுதல் ஆகியவற்றிற் பயிற்சி அளித்தார். குழந்தையின் உயரத்திற்கேற்ற நாற்காலியும், கைக்கேற்ற துடைப்பமும் செய்வித்துக் கொடுத்தார். 1939ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் ஐரோப்பாவுக்குத் திரும்ப இயலாமல், 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கினார். அக்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். அவர் கண்ட முறையைக் கைக்கொள்ளும் பள்ளிகள் இன்று பல உள்ளன. ஆனால், அம்முறையின் முதற்பாடத்திற்குப் பள்ளியும் கட்டணமும் தேவையில்லை. ஒரு சிறு செம்பும் ஒரு குவளையும் போதும்.

வேலையைக் கற்பிப்பதில் சில நுட்பங்கள் உண்டு. கருவி சிறிதாக இருக்க வேண்டும். பெரியவர் தூக்கும் குடத்தைச் சிறுவனிடம் கொடுத்துவிட்டு, "போட்டுவிடாதே" என்று அஞ்சிக்கொண்டே நிற்பதைவிட, ஒரு செம்பு நீரைக் கொடுத்துத் துளசிக்கு ஊற்றச் சொல்வது தக்கது. செய்முறையைச் சொல்லால் விளக்குவதைக் காட்டிலும், ஒருமுறை மெல்லச் செய்து காட்டுவது மேல். சிறுவனால் நீண்ட விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே கையையும் பார்க்க இயலாது. எல்லாவற்றினும் முதன்மையானது வேறொன்று: அவன் மடித்து வைத்த துண்டை அவன் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடித்தலாகாது. அவ்வாறு செய்தால், தன் வேலை வேலையே அன்று என்னும் பாடத்தை அவன் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றான். கோணலாக மடித்த துண்டினாலும் உடம்பைத் துவட்டலாம்.

மூன்று வயதில் அவன் உண்பவர்க்கெல்லாம் தட்டுகளை எண்ணி வைக்கலாம். அதில் எண்ணும் பழகும். நான்கு ஐந்து வயதில் மொச்சை உரித்தல், கீரை ஆய்தல், காய்ந்த துணிகளில் தன்னுடையவற்றைத் தேடியெடுத்தல் ஆகியவை அவனுக்கு இயலும். கீரை ஆயும் சிறுவன் இலையைத் தரையிலும் தண்டைப் பாத்திரத்திலும் இட்டுவிடுவதுண்டு. அதற்காகச் சமையல் நின்றுவிடுவதில்லை. ஏழெட்டு வயதுக்குள் உண்ட தட்டைக் கழுவவும், படுக்கையைச் சுருட்டவும், அரிசியில் கல் பொறுக்கவும் நன்கு பழகிவிடலாம். அடுப்பையும் அரிவாள்மணையையும் மட்டும் அவன் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

இவ்வேலைகள் பெண்குழந்தைக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் மக்கள் தம் நாட்பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவருள், ஊதியமின்றித் தம் வீட்டு வேலைகளைச் செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். அவ்வாறு செய்தவர்களும் ஒரே அளவு நேரத்தைச் செலவிடவில்லை. பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! இந்த வேறுபாடு மணநாளில் திடீரென்று தோன்றியதன்று. அக்காள் கோலப்பொடியும் துடைப்பமுமாக நிற்க, தம்பி திண்ணையில் அமர்ந்து, "அம்மா, தண்ணீர்" என்று குரல் கொடுத்த நாளிலேயே அது தொடங்கிவிட்டது. அவன் கேட்டது தவறன்று. அவனுக்கு மூன்றடி தொலைவிலே பானை இருந்தபோதும், கேட்டவுடன் ஒருவர் எழுந்து சென்று தந்ததே தவறு.

அண்ணன் தம்பியர் சண்டையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். ஒரு பந்துக்கு இருவர் போரிடுவர். இரண்டாவது பந்தை வாங்கித் தந்தால், இரண்டில் எது தன்னுடையது என்று போரிடுவர். அத்தகைய வேளையில், "நீ பெரியவன், தம்பிக்கு விட்டுக்கொடு" என்னும் தீர்ப்பு எளிதாக வந்துவிடுகின்றது. பெரியவன் என்று சொல்லப்படுகின்றவனுக்கு ஆறு வயதே ஆகின்றது என்பதைத் தீர்ப்பளிப்போர் மறந்துவிடுகின்றனர். நாள்தோறும் இவ்வாறு விட்டுக்கொடுக்கும் மூத்தவன் உள்ளத்தில் தம்பியின்மேல் பொறாமை வேரூன்றும். அழுதால் எதுவும் கிடைக்கும் என்பதை இளையவனும் விரைவில் அறிந்துகொள்வான். இருபது எண்ணும் வரையில் ஒருவன், மறு இருபது எண்ணும் வரையில் மற்றொருவன் என்று முறை வகுத்துவிட்டால், விரைந்து எண்ணுவதும் மெல்ல எண்ணுவதுமாக அவர்கள் சண்டை எண்ணிக்கையின்மேல் திரும்பிவிடும். அதுவும் ஒரு முன்னேற்றமே.

சிறுவன் விழுந்து முழங்கால் தேய்ந்து அழுகின்றான். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று உடனே ஒரு குரல் கேட்கின்றது. ஆறுதல் கூறும் எண்ணத்தோடேதான் அவ்வாறு சொல்கின்றனர். ஆனால், வலி ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்று பார்த்து வருவதில்லை. அழுகை இழிவானது என்று கற்ற சிறுவனுக்குப் பின்னர் அச்சமோ துயரமோ வந்தால், அதனை வெளியிட எஞ்சியிருப்பது சினம் ஒன்றே. அதனால் அவன் பள்ளியில் பட்ட அவமானத்தை வீட்டில் கதவின்மேல் காட்டுவான். கதவைச் சாத்திய ஓசையைக் கேட்ட தந்தை, காரணத்தைக் கேளாமல் ஓசைக்காகவே அவனைத் தண்டிப்பார். "எங்கே வலிக்கின்றது?" என்று கேட்டுக் காயத்தைக் கழுவிவிட்டால், பெரும்பாலும் ஐந்து நிமிடத்திற்குள் அவன் மீண்டும் ஓடத் தொடங்குவான். அழவிட்டதனால் எந்தச் சிறுவனும் கோழையாகிவிடுவதில்லை.

அடித்து வளர்த்தால்தான் ஆண்பிள்ளை அடங்குவான் என்ற கருத்தும் பழையதே. பள்ளியில் மாணவரை அடிப்பதையும் மனம் புண்படச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் பதினேழாம் பிரிவினால் தடைசெய்தது. வீட்டிற்குள் அச்சட்டம் வருவதில்லை. அங்கே பெற்றோரின் பொறுமையே சட்டம். அடிபட்ட சிறுவன் அந்நேரம் அடங்குவது உண்மை. அவன் நினைவில் நிற்பது தான் செய்த பிழையன்று, பட்ட அடியே. தன்னைவிட வலியவன் தன்னை அடிக்கலாம் என்பதை அவன் அறிந்துகொள்கின்றான். தன்னைவிட எளியவன் ஒருவன் வீட்டில் இருக்கின்றான் என்பதும் அவன் நினைவுக்கு வருகின்றது. நீரைக் கொட்டினால் துணியைக் கொடுத்துத் துடைக்கச் செய்வதும், சுவரில் கிறுக்கினால் ஈரத்துணியால் தேய்க்கச் செய்வதும் பிழையோடு பொருந்திய திருத்தங்கள். சிதைத்த சொப்பைத் தங்கையுடன் அமர்ந்து மீண்டும் அடுக்கச் செய்தால், சிதைப்பதற்கு ஒரு நொடியும் அடுக்குவதற்கு அரைமணியும் ஆகும் என்ற கணக்கை அவன் தானே கண்டுகொள்வான்.

மாலை விளையாட்டு முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை. பம்பரத்திற்கும் கிட்டிப்புள்ளிற்கும் இடமளித்த தெருக்கள் பலவற்றில் இன்று ஊர்திகள் நிற்கின்றன. வெளியே விட அஞ்சும் பெற்றோர் கைப்பேசியைக் கொடுத்து அமர்த்திவிடுகின்றனர். இரண்டு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்குமேல் திரையின்முன் அமர்ந்திருத்தல் கூடாது என்றும், அதனினும் குறைந்தால் நலம் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. கைப்பேசியைக் கொடுப்பது எளிது. அதைத் திரும்ப வாங்கும்போது எழும் கூக்குரலை அண்டை வீட்டாரும் அறிவர். மொட்டைமாடியோ கோயில் வெளியோ கடற்கரையோ, இடம் எதுவாயினும், பெரியவர் ஒருவர் உடன் சென்றால் அரைமணி நேர ஓட்டத்திற்கு வழி பிறக்கும்.

அவ்வாறு உடன் செல்பவர் தந்தையாக இருத்தல் பல வகையில் நன்று. சிறுவன் சொல்லைக் கேட்டு நடப்பதைவிட, செயலைக் கண்டு நடப்பதே மிகுதி. தந்தை தாம் உண்ட தட்டைத் தாமே எடுத்துச் சென்று கழுவி வைக்கும் வீட்டில், அது பற்றிய அறிவுரையை மகனுக்கு எவரும் கூற வேண்டியிராது. தந்தை செய்தித்தாளுக்குப் பின்னிருந்து, "போய் அம்மாவுக்கு உதவி செய்" என்று கட்டளையிடும் வீட்டிலோ, மகன் கற்றுக்கொள்வது செய்தித்தாள் படிப்பதையேயாம். அதையாவது அவன் கற்றுக்கொண்டால் சரி.

இரவு வருகின்றது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் தேவை. ஆறு வயதுக்குமேல் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தேவை. உறக்கம் குறைந்த சிறுவன் பெரியவரைப் போல் சோர்ந்து அமர்வதில்லை. மேலும் துள்ளுகின்றான், மேலும் சண்டையிடுகின்றான். அதனைக் கண்டு அவனுக்கு உறக்கம் வரவில்லை என்று வீட்டார் விளக்கை அணைக்காமல் இருப்பதும் உண்டு. நாள்தோறும் ஒரே நேரத்தில் கைகால் கழுவுதல், பாய் விரித்தல், விளக்கைத் தணித்தல், கதை சொல்லல் என்னும் ஒழுங்கு தொடர்ந்து நிகழுமானால், உடலும் அவ்வேளைக்குப் பழகிவிடும். கதையைப் பாட்டி சொல்லலாம், தாய் சொல்லலாம், பகலெல்லாம் வெளியே இருந்த தந்தைக்கும் இது உரிய வேளை. தெனாலிராமனோ பஞ்சதந்திரத்து முதலையும் குரங்குமோ எதுவாயினும், கேட்ட கதையையே சிறுவர் மீண்டும் மீண்டும் கேட்பர். ஒரு சொல் மாறினாலும் தடுத்துத் திருத்துவர். மூத்தவன் முடிவு வரையில் கண்விழித்திருப்பான். இளையவன் முதலை ஆற்றின் நடுப்பகுதியை அடைவதற்கு முன்பே உறங்கிவிடுவான். ஆகையால், மறுநாளும் கதையை முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.